கர்ப்பப்பை இறக்கத்துக்குக் கத்தி மட்டும்தான் வழியா?

வயல் வேலை முடிந்து நிமிரும்போது கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்படும். படுத்து எழுந்தால் உள்ளே போய்விடும். குத்தவைத்து உட்கார்ந்தால் மறுபடி இறங்கும். விரலால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். கணவரிடம் சொல்வதில்லை, மகளிடமும் மறைக்கிறார்கள். ‘அடி இறங்கிடுச்சும்மா’ என்று நர்ஸிடம் வாய்திறப்பதற்குள் சிலருக்கு வருடங்கள் ஓடிவிடுகின்றன.

கர்ப்பப்பை இறக்கம் புற்றுநோய் அல்ல. நடத்தையால் வருகிற நோயும் அல்ல. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கிப் பிடிக்கும் இடுப்புத்தளத் தசைகளும் நார்களும் தளர்வதால் வருவது. இழுபறியான பிரசவம், பெரிய குழந்தை, மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன், தீராத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், சுமை தூக்கும் வேலை எல்லாம் காரணங்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு குடம் தூக்க வைக்கும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒருவழியாக மருத்துவமனைக்குப் போனால், ‘பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு? எடுத்துரலாம்’ என்ற பேச்சைப் பலர் கேட்கிறார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன் சொல்லப்பட வேண்டிய இன்னொரு வழி இருக்கிறது: பெசரி என்னும் வளையம்.

மருத்துவத் தரமுள்ள சிலிக்கானில் செய்த, மடங்கக்கூடிய வளையம் இது. யோனிக்குள் வைத்தால் இறங்கிய உறுப்பை மேலே தாங்கி நிற்கும். மயக்க மருந்து வேண்டாம், மருத்துவமனையில் தங்க வேண்டாம். புறநோயாளிப் பிரிவிலேயே அளவு பார்த்து வைத்துவிடலாம். காப்பர் டி போன்றது என்று நினைத்துவிட வேண்டாம், இது கருத்தடை செய்யாது. சரியான அளவென்றால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் வைத்தவுடன் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. அங்கேயே நடந்து, இருமி, உட்கார்ந்து எழுந்து, சிறுநீர் கழித்துப் பார்க்க வேண்டும். வலித்தாலோ, நழுவினாலோ, சிறுநீர் வராவிட்டாலோ அளவை மாற்றித் தரச் சொல்லலாம். முதல் அளவே பொருந்த வேண்டும் என்பதில்லை. வளையம் வைத்தபின் சிலருக்கு இருமும்போது சிறுநீர் கசியலாம். உறுப்பு இறங்கியிருந்ததால் மறைந்திருந்த கசிவு அது, அதற்கும் சிகிச்சை உண்டு.

இனி, பெண்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி. வளையம் இருந்தால் கணவரோடு சேரலாமா? சேரலாம். சாதாரண வட்ட வளையத்தை உள்ளே வைத்துக்கொண்டே உடலுறவு கொள்ளலாம். கணவருக்கு லேசாகத் தட்டுப்படலாம், அவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. சங்கடமாக இருந்தால் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். காம்பு வைத்த கெல்ஹார்ன், கனசதுர வடிவிலுள்ள கியூப் போன்றவை யோனியை நிரப்பி நிற்பவை, அவற்றை முன்னதாகக் கழற்றியே ஆக வேண்டும். ஆகவே எந்த வகை என்று முடிவாவதற்கு முன்பே இந்தக் கேள்வி வர வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். ஐம்பது, அறுபது வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்பதே அநாகரிகம் என்று நினைக்கிற மருத்துவம், அவளைப் பாதி மனுஷியாகத்தான் நடத்துகிறது.

வளையம் வைப்பதற்கு முன்பும், இறக்கம் இருக்கும்போது சேர்வதால் உறுப்புக்குச் சேதம் வராது. வலியும் வறட்சியும் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கிரீமோ வழுக்குக் களிம்போ பெரும்பாலும் உதவும். ‘என் உடம்பு கெட்டுப்போச்சு’ என்ற கூச்சத்தில் படுக்கையை மாற்றிக்கொண்டவர்களில் பலருக்கு, உறுப்பு உள்ளே நின்றதும் அந்தக் கூச்சம் குறைகிறது.

வளையத்தையும் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் 440 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் நிலைமை தேறியதாகச் சொன்னவர்கள் வளையம் பெற்ற குழுவில் சுமார் 76 சதவீதம், அறுவை சிகிச்சைக் குழுவில் சுமார் 81 சதவீதம். வளையத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளையம் எல்லாருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் வைத்துப் பார்த்து வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். அறுத்து எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

வளையத்தில் பெரிய ஆபத்து மறதி. தானே கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டவர்கள் மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி மாட்டலாம். அது முடியாதவர்கள் மருத்துவர் சொன்ன தவணையில், வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, போய்க் காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட வளையம் சதையைப் புண்ணாக்கி, சிறுநீர்ப்பை வரையோ மலக்குடல் வரையோ துளைத்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. துர்நாற்றத்துடன் வெள்ளைபட்டாலோ, இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தவணை வரை காத்திருக்கக் கூடாது. வயதான அம்மாவுக்கு வளையம் வைத்திருந்தால் அந்தத் தேதியை மருமகளோ மகனோ குறித்துவைத்திருப்பது அவசியம்.

அறுவை சிகிச்சை என்று முடிவானாலும் கேட்க நிறைய இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா? கர்ப்பப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டும் முறைகளை மும்பை மருத்துவர்கள் ஷிரோத்கரும் புரந்தரேயும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்தார்கள். சினைப்பைகளையும் எடுப்பார்களா? மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அவற்றை எடுத்தால் அந்த வாரமே மாதவிடாய் நிற்றலின் தொல்லைகள் தொடங்கலாம். செயற்கை வலை (மெஷ்) வைத்துத் தைப்பார்களா? இறக்கத்துக்காக யோனி வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசு 2019-இல் நிறுத்தியது. முதிய பெண்களுக்கு யோனியையே மூடித் தைக்கும் ஒரு முறையும் உண்டு. பாதுகாப்பானது, பலனும் தருவது. ஆனால் அதன்பின் உடலுறவு முடியாது. அதை அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லி, அவர் வாயால் சம்மதம் பெற வேண்டும்.

சட்டம் இங்கே பெண்ணின் பக்கம் நிற்கிறது. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் தாயாரின் சம்மதத்தை வைத்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, மனத்தெளிவுள்ள வயதுவந்த பெண்ணின் உடலுக்கு அவரது சம்மதமே சம்மதம். கணவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதற்கு யாரும் முகம் சுளிக்க முடியாது. ஆண் மருத்துவர் பரிசோதித்தால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. முறைகேடு நடந்ததென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. எங்கே போவது என்றே தெரியாதவர்கள், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்து விவரம் கேட்கலாம்.