மெய்நிகர் கணினியின் வன்றட்டைப் பெருப்பித்தல்

மாணவர்களே, ஒரு கணினியினுள் மென்பொருள் மூலம் உருவாக்கப்படும் இன்னொரு கணினியே மெய்நிகர் கணினி எனப்படும். ஐபிஎம் நிறுவனம் 1972 இல் அறிவித்த விஎம்/370 இதற்கு ஒரு முன்னோடியாகும். இன்று வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருளை இலவசமாகப் பெற்று இதனைச் செய்து பார்க்கலாம்.

மெய்நிகர் கணினியின் வன்றட்டு உண்மையில் வெளிக் கணினியில் உள்ள ஒரு கோப்பு ஆகும். அதனை 20 கிகாபைற்றிலிருந்து 40 கிகாபைற்றாகக் கூட்டிய பின்னரும், உள்ளே பழைய 20 கிகாபைற்று மாத்திரமே பயன்பாட்டில் இருப்பதைக் காண்பீர்கள். காரணம் என்ன?

படுவான்கரையில் உள்ள ஒரு வயலை எண்ணிப் பாருங்கள். அடுத்த காணியையும் வாங்கினால் உறுதியில் பரப்புக் கூடும். ஆனால் இடையிலுள்ள வரம்பை வெட்டி, புது நிலத்தை உழுது பண்படுத்தும் வரை அங்கு நெல் விளையாது. வன்றட்டும் அவ்வாறே.

படிமுறைகள்:

1. முக்கிய கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுத்து, மெய்நிகர் கணினியை நிறுத்துக.

2. வன்றட்டுக் கோப்பைப் பெருப்பிக்குக (காணி வாங்குதல்). கட்டளை மூலம் செய்யும்போது அளவை மெகாபைற்றில் தருதல் வேண்டும்: 40 × 1024 = 40 960.

3. மெய்நிகர் கணினியை இயக்கி, அதனுள் பிரிவைப் பெருப்பிக்குக (வரம்பை வெட்டுதல்).

4. கோப்பு முறைமையைப் பெருப்பிக்குக (உழுது பண்படுத்துதல்).

விண்டோசில் 'எக்ஸ்ரென்ட் வொல்யூம்' என்னும் தெரிவு 3 ஆம், 4 ஆம் படிகளை ஒன்றாகச் செய்யும். லினக்சில் இவற்றைப் பெரும்பாலும் தனித்தனிக் கட்டளைகளால் செய்வர்.

கவனிக்க:

• வெற்றிடம் பிரிவை அடுத்தே இருத்தல் வேண்டும். இடையில் மீட்புப் பிரிவு இருப்பின் விண்டோசில் அத்தெரிவு இயங்காது. இடையில் பிறர் காணி இருந்தால் வரம்பை வெட்ட முடியாதல்லவா?

• வெளிக் கணினியின் வன்றட்டில் போதிய இடம் இருத்தல் வேண்டும். அது நிரம்பினால் மெய்நிகர் கணினி இடைநடுவில் நின்றுவிடலாம்.

• வேர்ச்சுவல்பொக்ஸில் கூட்டிய அளவை மீண்டும் குறைக்க முடியாது. ஆகவே தேவையைக் கணித்த பின்னரே கூட்டுக.

பயிற்சி வினா: வன்றட்டுக் கோப்பை 50 கிகாபைற்றாக்கக் கட்டளையில் இட வேண்டிய எண் யாது? அதன் பின்னரும் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் எவை?

விடை: 50 × 1024 = 51 200. பிரிவைப் பெருப்பித்தல், கோப்பு முறைமையைப் பெருப்பித்தல்.