ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றாகிய வரலாறு

போர்க்களத்திலன்றிப் பேச்சினாலும் வாக்கினாலும் ஒன்றுபட்ட நாடுகள் உலக வரலாற்றிற் சிலவே. அவற்றுள் ஒன்று 1901ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாம் நாள் தோன்றிய அவுஸ்திரேலியப் பொதுநலவாயம். ஒரே முடியின்கீழ் வாழ்ந்து, பெரும்பாலும் ஒரே மொழியைப் பேசி, ஒரே கண்டத்தைச் சார்ந்து குடியேறிய மக்கள் எளிதில் ஒன்றுபட்டிருப்பர் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. அவ்வொற்றுமை பலமுறை முயன்று, பலமுறை தவறி, ஈற்றிலே கைகூடியது. தவறியது ஏன், கைகூடியது எவ்வாறு என்பன ஆராயத்தக்கன.

1788ஆம் ஆண்டிலே பிரித்தானியர் குற்றவாளிகளைக் கொண்டுசென்று நிறுவிய நியூ சவுத் வேல்ஸே இக்குடியேற்றங்களுள் மூத்தது. பின்னர் தஸ்மேனியா எனப் பெயர்பெற்ற தீவு 1825இலும், விக்டோரியா 1851இலும், குயின்ஸ்லாந்து 1859இலும் அதனின்றும் பிரிந்தன. மேற்கு அவுஸ்திரேலியா 1829இலும், தெற்கு அவுஸ்திரேலியா 1836இலும் தனித்தனியே தோன்றின. காலப்போக்கில் இவ்வாறும் பொறுப்பாட்சி பெற்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாராளுமன்றமும் தேசாதிபதியும் சுங்கமும் தபாற்பகுதியும் அமைந்தன.

பிரிந்த நாடுகள் ஒன்றையொன்று அயலாரெனவே மதித்து நடந்தன. உள்ளூர்க் கைத்தொழிலைப் பேணும்பொருட்டு விக்டோரியா இறக்குமதிப் பொருள்கள்மீது உயர்ந்த தீர்வை விதித்தது. நியூ சவுத் வேல்ஸோ தடையிலா வாணிகமே நன்றெனக் கொண்டது. இரண்டிற்கும் எல்லையாகிய மரே ஆற்றங்கரையிலே சுங்க உத்தியோகத்தர் தீர்வை அறவிட்டனர். புகையிரதப் பாதையும் இப்பிரிவினையையே காட்டிற்று. விக்டோரியாவின் தண்டவாளங்களிடையே இருந்த அகலம் 5 அடி 3 அங்குலம். நியூ சவுத் வேல்ஸில் 4 அடி 8½ அங்குலம். குயின்ஸ்லாந்தில் 3 அடி 6 அங்குலம். 1883ஆம் ஆண்டிலே சிட்னிப் பாதையும் மெல்பேண் பாதையும் எல்லையூராகிய அல்பரியிற் சந்தித்தபோதும், ஒரே வண்டி இரு நகரங்களுக்குமிடையே தொடர்ந்து செல்ல இயலவில்லை. பயணிகள் ஆங்கு இறங்கி வேறு வண்டி ஏறினர். பொருள்களும் இறக்கி ஏற்றப்பட்டன.

ஒற்றுமைக்கு முதலிலே தூண்டுகோலாயது பாதுகாப்புப் பற்றிய அச்சமாகும். ஜேர்மனி நியூகினித் தீவிற் கால்வைக்குமென அஞ்சிய குயின்ஸ்லாந்து அரசு, 1883இல் அத்தீவின் கிழக்குப் பகுதியைத் தன்னுடன் இணைத்தது. இலண்டன் அரசு அச்செயலை ஏற்க மறுத்தது. தனித்து நிற்கும் குடியேற்றத்தின் குரல் எவ்வளவு வலிகுன்றியதென்பது இதனால் விளங்கிற்று. 1885இல் ஒரு சமஷ்டிக் கழகம் நிறுவப்பட்டதாயினும், அதற்கு வருவாயுமில்லை, கட்டளையை நிறைவேற்றும் அமைப்புமில்லை. நியூ சவுத் வேல்ஸ் அதிற் சேரவுமில்லை. 1889ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் முதலமைச்சர் சேர் ஹென்றி பார்க்ஸ் தெண்டர்பீல்ட் என்னும் ஊரில் ஆற்றிய உரை இவ்விடயத்தைப் புதுப்பித்தது. அதன்பயனாக 1891இல் சிட்னியிற் கூடிய மகாநாடு, குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த சேர் சாமுவேல் கிறிபித்தின் தலைமையில் வரையப்பட்ட அரசியற்றிட்டமொன்றை உருவாக்கிற்று. குடியேற்றங்களின் பாராளுமன்றங்கள் அதனை ஏற்றுக்கொள்ளாது கிடப்பிலிட்டன.

தலைவர்கள் கைவிட்ட பணியை மக்கள் மேற்கொண்டனர். 1893இல் வங்கிகள் பல முறிந்து வறுமை பரவிய காலத்தில், மரே ஆற்றங்கரையிலுள்ள கொறோவா என்னும் சிற்றூரிலே, சுங்கத் தடையால் நாடோறும் இடருற்ற எல்லைப்புற மக்களின் சங்கங்கள் மகாநாடு கூட்டின. மக்களே பிரதிநிதிகளைத் தெரிந்து அரசியற்றிட்டத்தை வரைவித்தல் வேண்டும். அதன்பின் அது மக்களின் வாக்குக்கே விடப்படல் வேண்டும் என ஜோன் குவிக் என்பார் ஆங்குப் பிரேரித்தார். எளிதாகத் தோன்றும் இப்பிரேரணையே வரலாற்றின் திருப்பமாயிற்று. 1895இல் முதலமைச்சர்கள் இம்முறையைப் பெரும்பாலும் ஏற்றனர். 1897, 1898ஆம் ஆண்டுகளிலே புதிய மகாநாடு அடிலெயிட், சிட்னி, மெல்பேண் நகரங்களிற் கூடிற்று.

அம்மகாநாட்டை வருத்திய பெரும் வினா, சிறியோர் பெரியோரை நம்புவது எவ்வாறு என்பதே. குடித்தொகையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் இருந்தது. தலையெண்ணிக்கையே அளவாயின், தஸ்மேனியா போன்றவை என்றும் தோல்வியே காணும். எனவே பிரதிநிதிகள் சபை குடித்தொகைக்கேற்ப அமைய, மூதவையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சமமாக ஆறு இடங்கள் வழங்கப்பட்டன. அரசியற்றிட்டத்தைத் திருத்துவதற்கு நாட்டு வாக்காளரிற் பெரும்பான்மையும், மாநிலங்களிற் பெரும்பான்மையும் ஒருங்கே வேண்டுமென விதிக்கப்பட்டது. மாநிலங்களுக்கிடையே வாணிகம் முற்றாகத் தடையின்றி நடைபெறல் வேண்டுமெனவும் உறுதி செய்யப்பட்டது.

1898ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நான்கு குடியேற்றங்கள் வாக்களித்தன. நான்கிலும் ஆதரவே மிக்கிருந்தது. ஆயினும் நியூ சவுத் வேல்ஸ் சட்டம் 80,000 ஆதரவு வாக்குகளை வேண்டிற்று. கிடைத்தவை 71,595 மட்டுமே. மறுவாண்டு முதலமைச்சர்கள் கூடி, தலைநகர் நியூ சவுத் வேல்ஸினுள், சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தொலைவில் அமையுமெனவும், அதுவரை பாராளுமன்றம் மெல்பேணிற் கூடுமெனவும் உடன்பட்டனர். 1899இல் மீண்டும் வாக்கெடுத்தபோது அந்நான்கும் இசைந்தன, குயின்ஸ்லாந்தும் சேர்ந்தது. தயங்கிநின்ற மேற்கு அவுஸ்திரேலியா 1900ஆம் ஆண்டு யூலையில் இசைந்தது. எட்மண்ட் பார்ட்டன் முதலாவது பிரதமரானார்.

எனினும் இவ்வொற்றுமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அந்நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்த ஆதிக்குடிகளின் இசைவை எவரும் வேண்டிற்றிலர். குடித்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்த்தலாகாதென அரசியற்றிட்டத்தின் 127ஆம் பிரிவு விதித்தது. புதிய பாராளுமன்றம் 1901இலேயே இயற்றிய குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுதுமாறு பணிக்கும் சோதனையினால் ஆசியரையும் பிறரையும் தடுத்தது. அச்சோதனை 1958இல் ஒழிந்தது. 127ஆம் பிரிவை நீக்கியது 1967ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பாகும். அதிலே நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஆதரவளித்தனர்.

சிட்னியையும் மெல்பேணையும் ஒரே அகலமான பாதை இணைத்தது 1962இலேதான். சட்டம் ஒருநாளில் இணைத்த நாட்டைத் தண்டவாளம் இணைக்க 61 ஆண்டுகள் சென்றன; நாட்டின் மூத்த குடிகளை அந்நாட்டவராக எண்ணுதற்கு 66 ஆண்டுகள் சென்றன. எவருடைய இசைவு கேட்கப்பட்டதோ, எவருடைய அச்சத்துக்குக் காப்பு வழங்கப்பட்டதோ, அவரிடையே ஒற்றுமை நிலைத்தது. எவர் கேட்கப்படாது விடப்பட்டனரோ, அவருக்குரிய கடன் அந்நாட்டின் கணக்கிலே தீராது நின்றது.