குரூப்பில் பேசும் யோசனை கிராம சபைக்கு வரட்டும்!
ஆகஸ்ட் 15-க்குத் தயாராகும் இளைஞர்களுக்கு...

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் கொஞ்ச காலமாக ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் ‘கத்திரியில் காய்ப்புழுவுக்கு என்ன தெளிக்கலாம்’, ‘கன்று போட்ட மாடு சினைக்கு வரவில்லை’ என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகள், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். ‘எங்கள் ஊர்க் குளத்தைச் சரி செய்ய நாங்கள் பத்துப் பேர் தயாராக இருக்கிறோம். வாட்ஸ்அப் குரூப் வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறோம். எங்கே போய்ச் சொல்வது, யாரிடம் அனுமதி வாங்குவது?’

ஆடிப்பெருக்கு முடிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் வந்துவிடும். நடுவில் கையில் இருப்பது இரண்டு மாதம். அதில் சுதந்திர தினத்தன்று ஒரு கிராம சபை, காந்தி ஜெயந்தியன்று இன்னொன்று. ஆகஸ்டை விட்டால், அக்டோபரில் தீர்மானம் போட்டு முடிப்பதற்குள் குளத்தில் தண்ணீர் நின்றுவிடும். இந்தக் கேள்விக்கு இந்த இதழில் விரிவாகவே பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

பேராவூரணியில் நடந்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியில் தென்னையை நம்பி இருந்த குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை வைத்து ஏழெட்டு வருடம் காத்திருந்து காய் பறிக்கத் தொடங்கியவர்களுக்கு அந்த வலி தெரியும். நிவாரண வேலைக்காக வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஓடிவந்த அந்தப் பகுதி இளைஞர்கள், அரிசியும் தார்ப்பாயும் கொடுத்து முடித்ததும் கிளம்பிப் போய்விடவில்லை. தென்னை போன இடத்தில் மறுபடியும் பயிர் வைக்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். அது ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

பேராவூரணி இருப்பது கடைமடையில். கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து சேர வேண்டிய கடைசிப் பகுதிகளில் ஒன்று. ஆற்றில் தண்ணீர் விட்டாலும் இங்கே வரும்போது பாதி பருவம் போயிருக்கும். வரும் தண்ணீரைப் பிடித்து வைக்க ஏரி, குளம் இருந்தால்தான் கடைமடைக்காரனுக்குப் பிழைப்பு. ஆனால், பேராவூரணி பெரியகுளமோ 564 ஏக்கர் பரப்பு இருந்தும் தூர்ந்து கிடந்தது.

‘கைஃபா’ என்ற பெயரில் கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 2019-ல் பெரியகுளத்தில் வேலை தொடங்கியது. அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் ஊர்மக்களிடமும் வெளியூரில் இருப்பவர்களிடமும் பணம் திரட்டி இயந்திரத்தை இறக்கினார்கள். அந்தக் குளத்தோடு நிற்காமல் வெளி மாவட்டங்களுக்கும் போய் நீர்நிலைகளைச் சீரமைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளின் யோசனை ஒன்றும் புதுசு இல்லை. குளத்தைத் தூர்வார வேண்டும் என்பது அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். ஒரே ஒரு குளத்தை எடுத்துக்கொண்டு, விவசாயிகளோடு சங்கமாக நின்று வேலையைத் தொடங்கியதுதான் புதுசு. நம் ஊர்களில் இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் உடைவது யோசனை இல்லாததால் அல்ல. கணக்குச் சொல்லாததால்தான்.

முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி ஆழத்துக்கு மண் எடுத்தால், அந்த இடத்தில் கூடுதலாக 12 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். உங்கள் ஊர்க் குளம் 20 ஏக்கர் என்றால் சுமார் இரண்டரைக் கோடி லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அதற்கு ஏறக்குறைய 24,600 கன மீட்டர் மண்ணை வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரு டிராக்டர் லோடு 3 கன மீட்டர் என்று வைத்தால் 8,200 லோடு. நாளைக்கு 60 லோடு அடித்தாலும் நான்கரை மாதம் ஆகும். மழைக்கு முன்னால் முடியாது.

அதனால்தான் முழுக் குளத்தையும் ஒரே மூச்சில் தூர்வார வேண்டும் என்ற ஆசையை இந்த வருடம் ஒத்தி வையுங்கள் என்கிறேன். முதலில் வரத்து வாய்க்காலைப் பாருங்கள். குளம் கண்ணாடி மாதிரி இருந்தாலும் வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் ஒரு சொட்டு உள்ளே வராது. வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் யாராவது பாதை போட்டுக் குழாய் பதிக்காமல் மூடியிருப்பார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தலையிலிருந்து குளம் வரை ஒருமுறை நடந்து போங்கள். எந்த இடத்தில் வாய்க்கால் எவ்வளவு அகலம் இருந்தது, கலிங்கு தாண்டிய தண்ணீர் அடுத்து எந்தக் குளத்துக்குப் போனது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்பட நகலையும் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

குளம் யாருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு, மேல் ஆயக்கட்டு உள்ள பாசன ஏரிகள் நீர்வளத்துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இது தெரியாமல் மனுவை மாற்றிக் கொடுத்தால், அந்த அலுவலகத்துக்கும் இந்த அலுவலகத்துக்கும் அலைவதிலேயே பருவம் போய்விடும்.

கிராம சபையில் என்ன செய்வது?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாள்கள் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். 18 வயது முடிந்து பட்டியலில் இன்னும் பெயர் சேர்க்காத தம்பி தங்கைகள் அதை முதலில் முடியுங்கள். சபையை நடத்துவது ஊராட்சித் தலைவராக இருந்தாலும் தனி அலுவலராக இருந்தாலும் உங்கள் உரிமை மாறாது.

குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மக்கள் தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வழக்கமாக நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள்தான் இந்த எண்ணிக்கையை நிரப்புகிறார்கள். ஊர் இளைஞர்கள் மரத்தடியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த அம்மாக்களிடம் முதல் நாளே போய், உங்கள் யோசனை என்ன என்று சொல்லிவிடுங்கள். குளத்தில் தண்ணீர் நின்றால் கிணற்றிலும் ஊறும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். குளத்தின் பெயர், சர்வே எண், எந்த வேலை, எத்தனை மீட்டர் வாய்க்கால், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பது போதும். ‘கிராமத்தை முன்மாதிரியாக மாற்ற வேண்டும்’ என்று எழுதினால் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘சர்வே எண் இத்தனையில் 400 மீட்டர் வாய்க்காலில் உள்ள கருவேல மரங்களை வேரோடு அகற்ற வேண்டும்’ என்று எழுதினால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நகலும் கேளுங்கள்.

தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம், அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது சுற்றுவட்டார கிராமங்கள் 2024 நவம்பரில் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. போராட்டமும் சேர்ந்தே நடந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், எழுத்தில் ஒரு பிடி இருந்தது.

வண்டல் மண் எடுக்கும்போது...

வாய்க்கால் வேலை முடிந்து நாள் மிச்சம் இருந்தால் குளத்துக்குள் இறங்கலாம். விவசாய நிலத்துக்கு வண்டல் மண் எடுக்க அரசு இலவசமாக அனுமதி தருகிறது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், 30 லோடு. இ-சேவை வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடமே அனுமதி பெறும்படி 2024-ல் எளிமையாக்கினார்கள். சிட்டா, அடங்கலைத் தயாராக வைத்திருங்கள்.

மணற்பாங்கான, செம்மண் நிலத்துக்கு வண்டல் நல்ல மருந்து. ஈரம் பிடித்து நிற்கும், சத்தும் தங்கும். ஏற்கெனவே களியாக இருக்கும் வயலில் கொண்டுபோய்க் கொட்டினால் வடிகால்தான் கெடும். குளத்து மண்ணை ஒரு கிலோ எடுத்துப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்புத்தன்மை பார்த்துவிட்டு எடுங்கள். கடலோரப் பகுதிக்காரர்களுக்கு இது கட்டாயம்.

எங்கே தோண்டுவது என்பதில்தான் பல ஊர்களில் சண்டை வருகிறது. கரையை ஒட்டித் தோண்டக் கூடாது, கரை சரிந்துவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே கிணறு மாதிரி பள்ளம் போட்டால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. வண்டலுக்கு அடியில் இருக்கும் இறுகிய களியை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்து, வண்டல் எத்தனை அடி என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டல் என்ற பெயரில் அனுமதி வாங்கி, லாரியில் மண்ணை ஏற்றிச் செங்கல் சூளைக்கும் மனைக்கும் விற்பது பல மாவட்டங்களில் நடக்கிறது. இளைஞர் குழு முன்னால் நின்றால், பின்னால் அந்த லாரிகளும் வந்து நிற்கும், எச்சரிக்கையாக இருங்கள். ஒரு நோட்டுப் போட்டு வண்டி எண், யார் நிலத்துக்கு, எத்தனை லோடு என்று தினமும் எழுதுங்கள். சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஊர் குரூப்பில் போடுங்கள். குரூப் அதற்குத்தான் நன்றாக உதவும்.

தீர்மானம் போட்டும் அசையவில்லையா?

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இந்தத் தேதியில், இந்த எண்ணில் நிறைவேறிய தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நவம்பர் 1 சபைக்குப் போகலாம். கேட்ட தேதி, கொடுத்த பதில் இரண்டையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.