தாய்ப்பாலும் தோட்டத்து நேரமும்

தாய்ப்பாலூட்டலைத் தாய்மையின் இயல்பெனப் போற்றுவோர், அதற்கு வேண்டிய நேரம் எவர் வசமுள்ளது என வினவுவதில்லை. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் அவ்வினா தவிர்க்கவியலாதது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம், பிற்காலத் திருத்தங்களின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு நாளொன்றுக்கு இரு பாலூட்டல் இடைவேளைகளை வழங்குகிறது: பிள்ளைக்காம்பரா இருப்பின் அரைமணி, இல்லையேல் ஒரு மணி. ஆனால் மலையிலிருந்து இறங்கி மீண்டும் ஏறுவதிலேயே அரைமணி கழியக்கூடும். விதித்த கிலோ குறைந்தாலோ 'அரைப்பேர்'.

தொழில்வழிச் சிகிச்சையாளர் 'தொழில்' எனக் கருதுவது கூலியுழைப்பை மட்டுமன்று. உண்ணல், உறங்கல், பிள்ளை பேணல் யாவும் அதிலடங்கும். பாலருந்துதலே குழந்தையின் முதற்றொழில். உறிஞ்சலும் விழுங்கலும் மூச்சும் இசைகின்றனவா என அவர் நோக்குவார். குறைமாதக் குழந்தையில் அவ்விசைவு தாமதமாகவே கைகூடும். தோலோடு தோல் அணைத்தலும், தலையையும் உடலையும் ஒரே நேரிற் தாங்குதலும் அங்கு துணைசெய்யும். தாயின் உடலையும் அவர் மறப்பதில்லை. தலைக்கயிற்றிலே தொங்கும் கூடை கழுத்தை வருத்தும். ஓயாத கொய்தல் மணிக்கட்டை நோகச் செய்யும். மடித்த சேலையால் பிள்ளையை மார்பளவுக்கு உயர்த்துதல், சுவரிற் சாய்ந்திருத்தல், ஒருக்களித்துப் படுத்தூட்டல் ஆகியன லயத்து ஒற்றையறையிலும் இயலும்.

எனினும் மணிக்கட்டை நோகச் செய்யும் கிலோக் கணக்கு அறைக்கு வெளியே, பெரும்பாலும் நிர்வாகத்தால், விதிக்கப்படுவது. பாலூட்டும் மாதங்களில் அதனைக் குறைக்குமாறும், கொய்யும் மலையைப் பிள்ளைக்காம்பராவுக்கு அண்மையில் ஒதுக்குமாறும் சிகிச்சையாளர் எழுத்தில் தருதல் வேண்டும். அக்குறிப்பைத் தொழிற்சங்கம் பேச்சுவார்த்தைக்கு எடுத்துச் செல்லலாம்.