ஐந்து வருடம் சம்பியனாக இருந்தவர்

விம்பிள்டன் பெண்கள் ஒற்றையர் சம்பியன்களின் பட்டியலில் 1914க்கு அடுத்து வருவது 1919. இடைப்பட்ட நான்கு வருடங்களும் முதலாம் உலகப் போரினால் சுற்றுப்போட்டி நடக்கவில்லை. விளையாட்டு வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். போரினால் படிப்பும் விளையாட்டும் பாதியில் நின்றுபோனவர்களோடு வளர்ந்த எனக்கு அந்த வரியைக் கடப்பது கடினம்.

1914இல் வென்றவர் பிரித்தானியாவின் டொரத்தியா லாம்பேர்ட் சேம்பர்ஸ். 1878இல் லண்டனின் ஈலிங் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். 1908 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். விம்பிள்டனை ஏழு தடவை வென்றார். அதில் நான்கு, அவர் தாயான பிறகு கிடைத்தவை. 1911 இறுதிப் போட்டியில் எதிராளிக்கு ஒரு கேம்கூடக் கொடுக்கவில்லை.

அக்காலத்தில் நடப்புச் சம்பியன் முதற் சுற்றிலிருந்து ஆடத் தேவையில்லை. மற்றவர்கள் மோதி, கடைசியில் வெல்பவர் சம்பியனோடு மோதுவார். இதனால் போர் முடியும்வரை பட்டம் சேம்பர்ஸிடமே இருந்தது. 1919இல் அவர் ஆட வேண்டியது ஒரேயொரு போட்டி. ஆனால் அப்போது அவருக்கு வயது 40. எதிரே நின்ற பிரான்சின் சுசான் லெங்லெனுக்கு 20. போர் தொடங்கும்போது லெங்லென் 15 வயதுச் சிறுமி. போர் அவருடைய வருடங்களையும்தான் எடுத்தது. ஆனால் 15இலிருந்து 20க்குப் போவதும் 35இலிருந்து 40க்குப் போவதும் ஒன்றா?

மன்னர் ஐந்தாம் ஜோர்ஜும் அரசியும் பார்த்திருக்க, மூன்றாவது செட்டில் சேம்பர்ஸ் 6-5 என முன்னிலை பெற்றார். பட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். அதற்கு இரண்டு வாய்ப்புகள். முதலாவதில், லெங்லெனின் ராக்கெட்டின் மரச்சட்டத்தில் பட்ட பந்து எப்படியோ வலையைத் தாண்டி விழுந்தது. இரண்டாவதையும் லெங்லென் காப்பாற்றினார். முடிவு 10-8, 4-6, 9-7. மொத்தம் 44 கேம்கள்.

போர் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பட்டங்கள் என்று சிலர் கணக்குப் பார்ப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆண்கள் பிரிவில் நான்கு தடவை சம்பியனான நியூசிலாந்தின் அந்தனி வைல்டிங், 1915 மே மாதம் பிரான்சில் போர்முனையில் கொல்லப்பட்டார். அவரோடு ஒப்பிட்டால் சேம்பர்ஸ் இழந்தது வருடங்களை மட்டும்தான் என்பார்கள். அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லை எங்கள் ஆட்களும் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

சேம்பர்ஸ் ராக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. 1920இலும் லெங்லெனிடம் தோற்றார். 1925இல், 46 வயதில், அமெரிக்காவுக்கு எதிரான வைட்மன் கிண்ணத்தில் பிரித்தானியாவுக்காக ஒற்றையர் ஆட்டம் ஆடி வென்றார்.