கையால் தொட முடியாத கடை

சந்தையில் ஒரு மரப்பொம்மை வாங்குகிறோம். என்ன செய்கிறோம்? கையில் எடுக்கிறோம். திருப்பிப் பார்க்கிறோம். சக்கரத்தை உருட்டிப் பார்க்கிறோம். வண்ணம் ஒட்டுகிறதா என்று விரலால் தேய்த்தும் பார்க்கிறோம். பிறகுதான் விலை பேசுகிறோம்.

இணையக் கடையில் வாங்குபவரால் இதில் எதையும் செய்ய முடியாது. அவர் கையில் இருப்பது செல்பேசி. அதில் தெரிவது படம். அந்தப் படத்தை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். எனவே பொருளை நன்றாகச் செய்தால் மட்டும் போதாது. படமும் நன்றாக எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய கேமரா வேண்டுமா? வேண்டாம். சாதாரண செல்பேசியும் ஒரு சன்னலும் போதும்.

கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சன்னபட்டணா என்ற ஊர் இருக்கிறது. மரப்பொம்மைக்குப் பேர் பெற்ற ஊர் அது. வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து அங்கே பொம்மை செய்கிறார்கள். சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்ப்பார்கள். பொம்மை பளபளவென்று ஆகிவிடும்.

கையில் எடுப்பவரை மயக்குவது இந்தப் பளபளப்புதான். படத்தைக் கெடுப்பதும் இதுதான்!

பளபளப்பான பரப்பு கண்ணாடி போன்றது. எதிரே இருப்பதை எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். குழல் விளக்கு வெள்ளைக் கோடாகத் தெரியும். சன்னல் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். உற்றுப் பார்த்தால் படம் எடுப்பவரும் அதில் தெரிவார். செல்பேசியின் பிளாஷைப் போட்டாலோ பொம்மையின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அந்த இடத்தில் வண்ணமே தெரியாது. ஆகவே பிளாஷை அணைத்துவிடுங்கள்.

சன்னல் ஓரமாக ஒரு மேசையைப் போடுங்கள். பொம்மையின்மேல் நேர் வெயில் படக் கூடாது. வெயில் விழுந்தால் சன்னலில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வெயில் வேட்டியில் பட்டுப் பரவி உள்ளே வரும். பளபளப்பு முழுவதும் போய்விடாது. போகவும் கூடாது. மின்னாத அரக்குப் பொம்மையை யார் வாங்குவார்? கூரான வெள்ளைத் திட்டு போய் இதமான ஒளி வரும். நமக்கு வேண்டியது அதுதான்.

சன்னலுக்கு எதிர்ப்பக்கம் பொம்மையில் நிழல் விழும். அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வையுங்கள். சன்னல் ஒளி அட்டையில் பட்டுத் திரும்பி நிழலைக் குறைக்கும். பொம்மைக்கு அடியில் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். அதன் பின்பகுதியை மடிக்காமல் வளைத்துச் சுவரில் ஒட்டுங்கள். தரையும் சுவரும் சேரும் கோடு படத்தில் தெரியாது. இதற்கென்று விளக்கு வைத்த பெட்டிகள் கடையில் விற்கிறார்கள். தொழில் வளர்ந்த பிறகு அதை வாங்கிக்கொள்ளலாம்.

அறையில் எரியும் விளக்குகளை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிறம் வேறு. மஞ்சள் பல்பின் நிறம் வேறு. இரண்டும் சேர்ந்து விழுந்தால் பொம்மையின் ஒரு பக்கம் நீலம் பாயும், மறு பக்கம் மஞ்சள் பாயும். நம் கண் இதைச் சமாளித்துக்கொள்ளும். கேமரா சமாளிக்காது.

கேமராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தர வெளிச்சமாகவே மாற்றப் பார்க்கும். அதனால் வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகிவிடும். பொம்மையும் இருண்டுவிடும். இதற்கு வழி எளிது. திரையில் பொம்மையின்மேல் விரலால் தொடுங்கள். பல செல்பேசிகளில் சூரியன் போன்ற குறி ஒன்று வரும். அதை மெல்ல மேலே தள்ளுங்கள். தாள் வெள்ளையாகும்வரை தள்ளினால் போதும்.

படம் எடுப்பதற்கு முன் செல்பேசியின் கேமராக் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடையுங்கள். சமையல் செய்த கையின் எண்ணெய் அதில் இருக்கும்! மிகவும் கிட்டே போய் எடுக்காதீர்கள். கிட்டே இருக்கும் பாகம் பெருத்துத் தெரியும். குதிரைக்குத் தலை பெரிதாகவும் வால் சிறிதாகவும் போய்விடும். சற்றுத் தள்ளி, பொம்மையின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். கை நடுங்கினால் நாலு செங்கல்லை அடுக்கி அதன்மேல் செல்பேசியைச் சாய்த்து வையுங்கள்.

ஒரு படம் போதாது. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் வேண்டும். சக்கரத்தை அச்சோடு கிட்டக் காட்டும் படமும் வேண்டும். எல்லாவற்றையும்விட அளவுதான் முக்கியம். வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும் பொம்மை 5 சென்டிமீட்டரா, 15 சென்டிமீட்டரா? யாருக்குத் தெரியும்? எனவே பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுங்கள். உள்ளங்கையில் வைத்தும் ஒன்று எடுங்கள். ஆனால் இவற்றை முதல் படமாகப் போடக் கூடாது. அமேசான் போன்ற கடைகள் முதல் படத்துக்கு விதி வைத்திருக்கின்றன. அமேசானில் பின்புறம் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தில் 85 சதவீத இடத்தைப் பொருள் நிறைக்க வேண்டும். விற்காத பொருள் அதில் இருக்கக் கூடாது.

வண்ணத்தைக் கூட்டிக் காட்டும் வசதி செல்பேசியில் இருக்கிறது. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மஞ்சள் கிழங்கிலும் அவுரியிலும் எடுத்த சாயம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. படத்தில் பளிச்சென்ற மஞ்சள். பெட்டியைப் பிரித்தால் வெளிர் மஞ்சள். வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். பொம்மை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப 70 ரூபாய், திரும்பி வர 70 ரூபாய். அந்தச் செலவு செய்தவர் தலையில் விழுந்தால் 140 ரூபாய் போய்விடும். வந்த பொம்மையில் கீறல் விழுந்திருந்தால் அதுவும் நட்டம்தான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2020 ஜூலையில் இணைய வணிகத்துக்கான விதிகள் வந்தன. விற்பவர் போடும் படம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. மரத்தில் கணு இருக்கிறதா? அதையும் படத்தில் காட்டுங்கள். கையால் செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வேறொருவர் எடுத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கும் உண்டு. நீங்களே எடுத்த படம் உங்களுக்குச் சொந்தம். காசு கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் படமும் உங்களுக்கே சொந்தம்.

குழுவில் ஒருவர் படம் எடுப்பார். கடையில் ஏற்றுபவர் வேறொருவராக இருப்பார். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் மங்கலாக இருக்கும். ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். எடுத்த படம் எடுத்தபடியே போய்ச் சேரும்.