கடலில் நின்ற தம்பி

பெங்களூரில் கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் பூக்கூடைகளையும் பேருந்துகளின் இரைச்சலையும் கடந்து, பழைய கோட்டையில் இன்று எஞ்சி நிற்கும் டில்லி வாசலை அடைகிறவர்கள், அதன் மதிலில் பதித்திருக்கும் ஒரு சிறு கற்பலகையைக் காணலாம். 1791-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி ஆங்கிலேயரின் தாக்குதல் இவ்வுடைப்பின் வழியே நடந்தது என்பதே அதில் பொறித்துள்ள செய்தி. அன்றிரவு நிலவொளியில் திப்பு சுல்தானின் கோட்டைத் தலைவரான கில்லேதார் பகதூர் கான் இறுதிவரை போரிட்டு மாண்டார். வென்ற கவர்னர் ஜெனரல் சார்லஸ் கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயரைச் சரித்திரப் பாடம் படித்த எவரும் அறிவர். அவருடைய இளைய சகோதரர் வில்லியம் அதே மைசூர் யுத்தத்தில் மேற்குக் கடலைக் காத்து நின்றார் என்பதை அறிந்தவர்களோ மிகச் சிலர்.

1744-ல் பிறந்த வில்லியம், பதினோராம் வயதிலேயே கப்பலேறி, மீசை அரும்பும் முன்பே லூயிஸ்பர்க் முற்றுகையையும் க்விபரான் விரிகுடாப் போரையும் கண்டு, இருபத்தோராம் வயதில் காப்டன் பதவியை எய்தியவர். 1780-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து, நோயினால் சாவின் விளிம்பிலிருந்த ஓர் இளம் அதிகாரியைத் தமது 'லயன்' கப்பலில் ஏற்றிப் பராமரித்துத் தாயகம் சேர்த்தார். அந்த இளைஞரே பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நெல்ஸன். கார்ன்வாலிஸின் பரிவே தம் உயிரைக் காத்தது என்று நெல்ஸன் நன்றியோடு எழுதி வைத்தார். அம்மனிதரின் குணத்திற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை என்பேன்.

1788-ல் கமடோர் பதவியுடன் இந்திய சமுத்திரத்திற்கு அனுப்பப்பட்டார். அந்தமானில் ஆர்ச்சிபால்ட் பிளேர் அடுத்த ஆண்டு நிறுவிய குடியேற்றம், பின்னாளில் போர்ட் பிளேர் என்று வழங்கிய அதே இடம், முதலில் இவர் பெயராலேயே போர்ட் கார்ன்வாலிஸ் எனப்பட்டது.

மைசூர் யுத்தத்தில் இவர் பங்கு யாதென்று காண்போம். பெங்களூரும் ஸ்ரீரங்கப்பட்டணமும் கடலைக் காணாத ஊர்களாயினும், திப்புவுக்கு வெளியுலகின் வாசல் மங்களூர்த் துறையாகவே இருந்தது. அங்கிருந்த, அவர் தந்தை ஹைதரின் கப்பல்களை அட்மிரல் ஹியூஸ் 1780-லேயே அழித்துவிட்டதால், அவ்வாசலைக் காக்கத் தக்க கடற்படை திப்புவிடம் இல்லை. அண்ணன் நந்தி துர்க்கத்தைப் பிடித்துச் சாவன துர்க்கத்தை நோக்கியிருந்த 1791 நவம்பரில், தம்பி தலைச்சேரியில் நங்கூரமிட்டு, திப்புவுக்கு யுத்த தளவாடம் சேராதபடி மங்களூர் செல்லும் கப்பல்களைக் கண்காணித்து வந்தார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் அப்போது சமாதானம் நிலவிற்று. ஆயினும், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாஹேயிலிருந்து இரண்டு வணிகக் கப்பல்களுக்குத் துணையாகப் புறப்பட்ட 'ரெஸொல்யூ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை, நவம்பர் 18-ஆம் தேதி, இவர் அணியைச் சேர்ந்த ஸர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சனின் 'ஃபீனிக்ஸ்' மறித்தது. சோதனைக்கு இணங்காத பிரெஞ்சுக்காரர் பீரங்கியால் பதில் கூற, சொற்ப நேரத்திற்குள் அவர்கள் பக்கத்தில் 25 பேரும் ஆங்கிலேயர் பக்கத்தில் 6 பேரும் மாண்டனர். கொடியை இறக்கிய பிரெஞ்சுக் காப்டன், தமது கப்பல் சிறைப்பட்டது சிறைப்பட்டதே என்று அதைச் செலுத்த மறுத்துவிடவே, கார்ன்வாலிஸ் அதை மாஹேக்கு இழுத்துச் செல்வித்தார். வணிகக் கப்பல்களைச் சோதித்துப் பார்த்ததில் யுத்த தளவாடம் ஒன்றும் அகப்படவில்லை. சமாதான காலத்தில், ஐயத்தின் பேரில் மட்டும், 31 உயிர்கள் போயின. பரிவு மிக்க அம்மனிதரின் உத்தியோக வாழ்வில் இதை ஒரு கறையென்றே நான் எண்ணுகிறேன்.

பிரான்சுடன் யுத்தம் மூண்ட 1793-ல் புதுச்சேரியின் கடல்வழியை அடைத்து அதன் வீழ்ச்சிக்கு உதவிய பின் அவர் தாயகம் திரும்பினார். 1795-ல் ஐந்தே பெருங்கப்பல்களுடன் பன்னிரண்டு பிரெஞ்சுக் கப்பல்களிடமிருந்து குலையாமல் பின்வாங்கியதும், பிறகு ப்ரெஸ்ட் துறைமுகத்தைக் குளிரிலும் புயலிலும் முற்றுகையிட்டு நின்றதும் அவருடைய நிலையான கீர்த்திக்குக் காரணங்கள். மணம் புரியாமலே 1819-ல் மறைந்தார்.

கோட்டையைக் காணச் செல்லும் வாசகர்கள், அருகிலுள்ள பகதூர் கானின் சமாதியையும் தரிசித்து வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மதிலிலுள்ள அந்தக் கற்பலகையில் அவர் பெயரும் இல்லை. கடலில் நின்ற தம்பியின் பெயரும் இல்லை.